கோரையேரியைச் சுற்றிய வெளிமான்

கோரையேரிக் கரையில் ஒரு வெளிமான் கூட்டம் வாழ்ந்துவந்தது. அந்தக் கூட்டத்தில் சுருளி என்று ஓர் இளம் கலைமான் இருந்தான். முறுக்கிய கொம்பு, கறுத்த முதுகு, வெளுத்த வயிறு. அவன் துள்ளினால் புதர்கள் காலுக்குக் கீழே போகும். அவன் ஓட ஆரம்பித்தால் செந்நாய்கள்கூடக் கொஞ்ச தூரம் துரத்திவிட்டு, வேறு வேலையைப் பார்க்கப் போய்விடும்.

“என்னை மாதிரி ஓட இந்தக் காட்டுல யார் இருக்கா?” என்று சுருளி அடிக்கடி கேட்பான்.

யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். ஏனென்றால் அது உண்மைதான்.

அந்தக் காட்டில் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு பந்தயம் நடக்கும். இங்கிருந்து அங்கே ஓடிப்போய் மூச்சு வாங்கி நிற்கிற பந்தயம் இல்லை அது. பங்குனிப் பௌர்ணமியை ஒட்டி, மூன்று பகலும் மூன்று இரவும் ஏரிக்கரையைச் சுற்ற வேண்டும். ஓடலாம், நடக்கலாம், மேயலாம், படுத்துத் தூங்கலாம். எதற்கும் தடை இல்லை. ஆனால் நேரம் யாருக்காகவும் நிற்காது. நாலாம் நாள் சூரியன் தலைகாட்டும்போது யார் அதிகச் சுற்று சுற்றியிருக்கிறார்களோ அவர்களே வென்றவர்கள்.

கரையில் ஒரு மருதமரம் உண்டு. அதில் குடியிருந்த கொக்குகள்தான் சுற்றுகளை எண்ணும். கொக்குகளுக்கு மீனைத் தவிர வேறு யார்மேலும் பாசம் கிடையாது. அதனால் அவற்றின் கணக்கை எல்லாரும் நம்பினார்கள்.

பரிசு என்ன தெரியுமா? தண்ணீர்!

கோடை முற்றினால் ஏரி வற்றி, நடுவில் ஒரு குட்டையாகச் சுருங்கிவிடும். பந்தயத்தில் வென்றவரின் கூட்டம் அதில் முதலில் இறங்கிக் குடிக்கும். அடுத்து வந்தவரின் கூட்டம் அடுத்துக் குடிக்கும். கடைசியாக வந்தவரின் கூட்டத்துக்கு மிச்சம் இருப்பதுதான் கிடைக்கும்.

போன ஆண்டு மேட்டான் என்ற காட்டுப்பன்றி வென்றது. கோடை முழுவதும் பன்றிகள் முதலில் இறங்கின. குடித்ததோடு விட்டனவா? புரண்டன, உழுதன, குட்டிகளோடு கும்மாளம் போட்டன. மற்றவர்கள் இறங்கும்போது தண்ணீர் இருந்த இடத்தில் சேறுதான் இருந்தது. வெளிமான் கூட்டத்தில் நொச்சி என்று ஒரு பெண்மான் இருந்தாள். அவளுடைய குட்டி தாகம் தாங்காமல் சேற்றுக்குள் வெகுதூரம் போய்விட்டது. கால் புதைந்தது. வயிறு புதைந்தது. பெரியவர்கள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

தை மாதம் பிறந்ததும் கூட்டத்தின் தலைவர் கோடன் எல்லாரையும் கூப்பிட்டார்.

“இந்த வருஷமும் சேத்தைக் குடிக்க முடியாது. ஒரு கூட்டத்துக்கு ஒருத்தர்தான் பந்தயத்துல இறங்கலாம். யார் போறீங்க?”

“நான்தான் மாமா! இதுல கேக்கிறதுக்கு என்ன இருக்கு?” என்று துள்ளினான் சுருளி.

“நானும் போகலாம்னு இருக்கேன்” என்றாள் நொச்சி.

சுருளி சிரித்துவிட்டான். “அக்கா, நீங்களா? நீங்க ஓடி நான் பார்த்ததே இல்லையே!”

“போன வருஷம் மேட்டான் சுத்தினப்போ நான் பார்த்துக்கிட்டே இருந்தேன் தம்பி. அவனும் ஓடவே இல்லை” என்றாள் நொச்சி.

கோடன் இருவரையும் பார்த்தார். “ரெண்டு பேரும் பழகுங்க. பங்குனி வளர்பிறை தொடங்குற அன்னைக்கு முடிவு பண்ணுவோம்” என்றார்.

மறுநாள் விடிந்ததும் நொச்சி சுருளியைத் தேடி வந்தாள்.

“வா, சேர்ந்தே நடப்போம். நீ ஜெயிச்சாலும் நான் ஜெயிச்சாலும் குடிக்கப்போற தண்ணி ஒண்ணுதானே.”

இருவரும் கரையோரமாக நடந்தார்கள். நொச்சி எதையெல்லாம் கவனித்து வைத்திருந்தாளோ அதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

“நிக்காம மேயணும். போற போக்குல ஒரு வாய் புல்லைக் கடிச்சுக்கோ. நடந்துகிட்டே அசைபோடு. அது நமக்குப் பழக்கமில்லாத வேலை, முதல்ல வயிறு முரண்டு பண்ணும். வெயில் உச்சிக்கு வர்றப்போ நிழல்ல கொஞ்சம் படு. ஆனா தூக்கம் கெட்டியாகுறதுக்கு முன்னாடி எழுந்துடு. மேற்குக் கரையில உவர்மண் இருக்கு பாரு, அது குளம்பை வெடிக்க வைக்கும். இப்பவே வெடிச்சு ஆறிடுச்சுன்னா, பந்தயத்துல தாங்கும்.”

சுருளி தலையை ஆட்டினான். மருதமரம் வந்தது. பாறை வந்தது. உவர்மண் வந்தது. எதிர்க்கரையில் தாழம்புதர் வந்தது. மறுபடியும் மருதமரம் வந்தது. மறுபடியும் பாறை வந்தது.

“அக்கா, இந்தப் பாறையை இன்னொரு தடவையும் பார்க்கணுமா?”

“மூணு நாளும் இதையேதான் பார்க்கணும். அந்தச் சலிப்புக்கும் இப்பவே பழகிக்கணும்.”

அப்போது நாவல்மரத்தில் இருந்த குரங்குகள் அவர்களைப் பார்த்துவிட்டன.

“டேய், எல்லாரும் ஓடி வாங்க! நம்ம சுருளிக்கு வயசாயிடுச்சு!”

“எருமைகிட்ட நடை கத்துக்கிட்டாரு போல!”

“மெதுவா, மெதுவா! கொம்பு தடுக்கி விழுந்துடப் போறீங்க!”

மரமே குலுங்கியது. நொச்சி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுருளிக்கோ காது மடல் சுட்டது. உடம்பெல்லாம் கூசியது. காட்டிலேயே வேகமானவன் இப்படி ஒரு பெண்மானுக்குப் பக்கத்தில் ஊர்ந்து போவதா?

“அக்கா, நாளையிலிருந்து நான் தனியாப் பழகிக்கிறேன். எதிர்ப்பக்கமாச் சுத்துறேன். அதுதான் எனக்குச் சரிப்படும்” என்றான்.

“சரி, உனக்கு எப்படி வசதியோ அப்படி” என்றாள் நொச்சி.

அடுத்த நாள் சுருளி விடிவதற்கு முன்பே கிளம்பினான். நல்ல எண்ணத்தோடுதான் கிளம்பினான். ஆனால் எதிர்க்கரைத் தாழம்புதர் வந்ததும் நின்றான். அங்கே பார்க்க யாரும் இல்லை. கைதட்ட ஆள் இல்லாத இடத்தில் மெதுவாக நடப்பது அவனுக்கு ரொம்பக் கனமாக இருந்தது. ‘கொஞ்சம் படுத்துட்டுப் போகலாம்’ என்று நினைத்தான். புதருக்குள் குளிர்ச்சியாக இருந்தது. இளம்புல் வாய்க்கு எட்டியது. அப்படியே சாயங்காலம் ஆகிவிட்டது.

‘இப்போ என்ன பண்றது?’

சுருளி உவர்மண்ணில் கால்களைத் தேய்த்துக்கொண்டான். பிறகு கூட்டம் இருந்த இடம்வரை ஒரே பாய்ச்சலாக ஓடி, மூச்சு வாங்க நின்றான்.

“அடேயப்பா! நாள் பூராச் சுத்திட்டும் இவ்வளவு வேகமா?” என்று எல்லாரும் வாய் பிளந்தார்கள்.

“இதெல்லாம் ஒண்ணுமே இல்லை!” என்றான் சுருளி.

மறுநாளும் அவன் தாழம்புதருக்குத்தான் போனான். அதற்கு மறுநாளும் அப்படித்தான்.

புதருக்குப் பக்கத்தில் கூழாங்கற்களுக்கு நடுவே ஓர் ஆள்காட்டிக் குருவி முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது. அதன் பெயர் சிவப்பி. பல நாளாக அவனைப் பார்த்த சிவப்பி ஒருநாள் கேட்டது.

“ஏன் தம்பி, தினமும் இங்கேயே படுத்துக் கிடக்கிறியே. உடம்புக்கு ஏதாவது?”

சுருளி தடுமாறிப் போனான். “ஆமா... கால்ல சுளுக்கு. யார்கிட்டயும் சொல்லிடாதே. பந்தயம் வருது. கூட்டத்துக்குத் தெரிஞ்சா மனசு உடைஞ்சுடும்.”

“ஐயோ பாவமே! நான் எதுக்குச் சொல்லப்போறேன்? நீ நிம்மதியாப் படு. யாராவது இந்தப் பக்கம் வந்தா நான் குரல் கொடுக்கிறேன். நீ எழுந்து நடக்கிற மாதிரி போயிடு.”

சொன்னபடியே சிவப்பி செய்தது. யாராவது வரும் ஓசை கேட்டால் முட்டைகளை விட்டுவிட்டுப் பறக்கும். “டிட்-டிட்-டிட்டீ!” என்று தொண்டை கிழியக் கத்தும். சுருளி எழுந்து, வியர்க்க விறுவிறுக்க ஓடுகிறவனைப் போலக் கரையோரம் ஓடுவான்.

வளர்பிறை தொடங்கும் நாள் வந்தது. கூட்டம் கூடியது.

“சுருளி, உண்மையைச் சொல்லு. மூணு நாள் தாங்குமா?” என்று கேட்டார் கோடன்.

“தாங்கும் மாமா! பகல் பூரா நடக்கிறேன். உட்கார்றதுகூட இல்லை!”

“நடந்துகிட்டே அசைபோட வருதா?”

“ரொம்ப நல்லா வருது!”

நொச்சி மெல்ல வந்து அவன் கால்களைப் பார்த்தாள். அவளுடைய குளம்புகள் வெடித்து, ஆறி, கறுத்துப் போயிருந்தன. அவனுடையவை கீறல் இல்லாமல் மின்னின.

‘கண்டுபிடிச்சுட்டாங்க!’ என்று சுருளி நினைத்தான்.

நொச்சி நிமிர்ந்தாள். “இவ்வளவு உவர்மண்ல நடந்தும் வெடிக்கவே இல்லை பாருங்க மாமா! பிறவியிலேயே நல்ல குளம்பு. எனக்கு நடைதான் உண்டு. இவனுக்கு நடையும் இருக்கு, வேகமும் இருக்கு. இவனே போகட்டும். நான் விட்டுக்கொடுக்கிறேன்.”

அவள் அவனைக் கொஞ்சமும் சந்தேகப்படவில்லை. அதுதான் அவனை உறுத்தியது. இப்போது சொல்லிவிடலாம். ‘அக்கா, நான் நடக்கவே இல்லை’ என்று சொன்னால் முடிந்தது.

அதற்குள் குட்டிகள் எல்லாம், “சுருளி மாமா! சுருளி மாமா!” என்று குதிக்க ஆரம்பித்துவிட்டன.

சுருளி வாயை மூடிக்கொண்டான். ‘நமக்குத்தான் வேகம் இருக்கே, எப்படியாவது சமாளிச்சுடலாம்’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

பந்தய நாள் வந்தது. மருதமரத்தடியில் மேட்டான் நின்றது. ஒரு கடமான் நின்றது. ஒரு நரி நின்றது. சுருளி கொம்பை ஆட்டிக்கொண்டு முன்னால் நின்றான். சூரியன் தலைகாட்டியதும் கொக்குகள் கத்தின.

சுருளி அம்பு மாதிரி பாய்ந்தான்! மேட்டான் இரண்டு அடி வைப்பதற்குள் அவன் பாறையைத் தாண்டிவிட்டான். மற்றவர்கள் ஒரு சுற்று முடிப்பதற்குள் அவன் பல சுற்றுகள் போய்விட்டான். வெளிமான் கூட்டம் ஆர்ப்பரித்தது. குட்டிகளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. அன்று பொழுது சாயும்வரை அவனைவிட முன்னால் யாரும் இல்லை.

மறுநாள் விடியும்போது கதை மாறிவிட்டது.

ஓடும்போது அவனால் மேய முடியவில்லை. பசியில் நின்று அவசரமாக விழுங்கினான். விழுங்கியதை அசைபோட முடியவில்லை. வயிறு கல்லாகக் கனத்தது. உவர்மண்ணில் முதலில் ஒரு குளம்பு வெடித்தது. அப்புறம் இன்னொன்று. முதல் நாள் இரவில் கொஞ்சம் கண்ணயரலாம் என்று படுத்தவன் விடிந்த பிறகுதான் எழுந்தான். எழுந்தபோது கால்கள் மரக்கட்டையாக இருந்தன.

மேட்டான் பக்கத்தில் வந்தது. வாயில் கிழங்கு, நடையில் ஒரே சீர்.

“தம்பி, கொஞ்சம் ஒதுங்கிக்கோ” என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போனது.

இன்னும் கொஞ்ச நேரத்தில், “தம்பி, மறுபடியும் நான்தான்” என்று சொல்லித் தாண்டியது. அப்புறம் ஒன்றும் சொல்லாமலே தாண்ட ஆரம்பித்தது. கடமானும் தாண்டியது. கடைசியில் நரியும் தாண்டியது.

வெயில் உச்சிக்கு வந்தது. நொச்சி வாயில் இளம்புல்லைக் கவ்விக்கொண்டு வழியில் காத்திருந்தாள். போட்டி போடுகிறவருக்குச் சொந்தக்காரர்கள் தீனி கொடுக்கலாம், கூடவே நடக்கலாம். பாதியை அவனுக்குக் கொடுத்துவிட்டு, அவனோடு சேர்ந்து நடந்தாள்.

“முதல் நாளே இப்படிப் பாய்ஞ்சிருக்க வேண்டாம் தம்பி. பரவாயில்லை. இப்போ நடை போடு. நீ பழகினது எல்லாம் இனிமேதான் கைகொடுக்கும்.”

அந்த வார்த்தை வெடித்த குளம்பைவிட வலித்தது. சுருளி தலையைக் குனிந்துகொண்டு நடந்தான்.

தாழம்புதர் வந்தது. சிவப்பி தன் குஞ்சுகளோடு அங்கே நின்றிருந்தது. அவனைப் பார்த்ததும் அதற்கு ஒரே மகிழ்ச்சி.

“டிட்-டிட்டீ! சுருளி! சுளுக்கு ஆறிடுச்சா? இவ்வளவு நாளா இங்கேயே படுத்துக் கிடந்தியே, பாவம்! இன்னைக்கு நடக்கிறியே, பார்க்கவே எவ்வளவு நல்லா இருக்கு!”

நொச்சி நின்றாள். “என்ன சுளுக்கு?”

‘ஆமா, சுளுக்குதான்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நொச்சி நம்புவாள். இத்தனை வலியோடு கூட்டத்துக்காகப் பந்தயத்தில் இறங்கினான் என்று கொண்டாடுவாள். தோற்றாலும் பெயர் கெடாது.

அவன் வாயைத் திறந்தான். நொச்சியின் வாயில் இன்னும் பாதிப் புல் இருந்தது. அவனுக்காகக் காலையிலிருந்து ஈரம் காயாமல் வைத்திருந்த புல்.

“சுளுக்கெல்லாம் இல்லை அக்கா” என்றான் சுருளி. “பொய். நான் பழகவே இல்லை. தினமும் இங்கே வந்து படுத்துக்கிட்டேன்.”

“ஏன்?”

“மெதுவா நடந்ததைப் பார்த்துக் குரங்குங்க சிரிச்சுது. எனக்கு வெட்கமா இருந்துச்சு.”

“சிரிச்சதுக்காகவா?” என்றாள் நொச்சி. அவள் குரல் உயரவில்லை. “நான் விட்டுக்கொடுத்தேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாமே? என் குட்டி...”

புல்லைப் பாதையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்து போய்விட்டாள்.

சிவப்பி குஞ்சுகளைச் சிறகுக்குள் இழுத்துக்கொண்டது. “அப்போ உனக்கு வலியே இல்லையா?” என்று மெதுவாகக் கேட்டது. “உனக்காகத்தான் நான் முட்டையை விட்டுட்டுப் பறந்து பறந்து கத்தினேன். ஒருநாள் அந்த நேரத்துல காக்கா வந்து ஒரு முட்டையைத் தூக்கிட்டுப் போயிடுச்சு. நீ வருத்தப்படுவேன்னு உன்கிட்ட சொல்லலை.”

சிவப்பி திட்டவில்லை. திட்டியிருந்தால் சுருளியால் தாங்கியிருக்க முடியும்.

அவன் புதருக்குள் பார்த்தான். அவன் படுத்த இடத்தில் புல் அமுங்கி, அவன் உடம்பின் அளவுக்கு ஒரு பள்ளம் இருந்தது. அதில் இன்னொரு முறை படுக்க அவனால் முடியவில்லை. காட்டுக்குள் ஓடிவிடலாமா என்று நினைத்தான். நேரான பாதையாக இருந்தால் ஓடியிருப்பான். ஓடினால் முகங்கள் பின்னால் போய்விடும். இது சுற்றுப்பாதை. எத்தனை அடி வைத்தாலும் அது அவனைக் கொண்டுபோய்க் கூட்டத்தின் முன்னால்தான் நிறுத்தும்.

அவன் நடந்தான். மருதமரம் வந்தது.

“சுருளி மாமா! சுருளி மாமா!” என்று குட்டிகள் கத்தின. நொச்சி இன்னும் யாரிடமும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஒரு ஓரமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

சுருளி நின்றான். “கத்தாதீங்க குட்டிகளா” என்றான். பிறகு கோடனைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னான். தாழம்புதரைச் சொன்னான். காலில் மண் தேய்த்துக்கொண்டதைச் சொன்னான். குருவியை ஏமாற்றியதையும் சொன்னான்.

குட்டிகள் ஒவ்வொன்றாகத் தாய்மான்களின் பக்கம் ஒதுங்கின.

“நொச்சி அக்கா எனக்குப் பதிலா இறங்கலாமா மாமா?” என்று கேட்டான்.

“ஆள் மாத்துறதுக்கு இந்தப் பந்தயத்துல இடமில்லை” என்றார் கோடன்.

“நான் இனிமே ஜெயிக்க முடியாது.”

“தெரியுது. நரியாவது உனக்குப் பின்னாடி வந்தா, நாம கடைசியாக் குடிக்க வேண்டாம். நேரம் இன்னும் முடியலை. நட.”

அவர் மன்னிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. சுருளி நடந்தான்.

இப்போது ஓட முடியாது. காட்டிலேயே வேகமானவன் நொண்டி நொண்டி ஊர்ந்தான். போகிற போக்கில் ஒரு வாய் புல் கடித்தான். அசைபோட முயன்றான். வயிறு முரண்டு பிடித்தது. தையில் கற்றிருக்க வேண்டியதை எல்லாம் எல்லாரும் பார்க்க இப்போது கற்றுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு சுற்றிலும் மருதமரம் வந்தது. ஒவ்வொரு சுற்றிலும் அதே கண்கள் அவனைப் பார்த்தன. குட்டிகள் கத்தவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான். பாதையில் அங்கே எப்போதும் கொஞ்சம் புல் இருந்தது. நொச்சி வைத்துவிட்டு, அவன் வருவதற்குள் விலகிப் போய்விடுவாள். அந்தப் புல்லைத் தின்பது எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. இருந்தாலும் தின்றான். தின்னாவிட்டால் நடக்க முடியாது.

மேட்டான் இன்னொரு முறை பக்கத்தில் வந்தது.

“அண்ணே” என்றான் சுருளி. “நீங்க இப்படி மெதுவா நடந்து பழகினப்போ உங்களைப் பார்த்து யாரும் சிரிக்கலையா?”

“சிரிக்காமலா? என் பொண்டாட்டியே விழுந்து விழுந்து சிரிச்சா!” என்றது மேட்டான். “சிரிச்சா காதுக்குத்தானே கேக்கும்? காலுக்கு என்ன?”

சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தது.

நாலாம் நாள் சூரியன் தலைகாட்டியது. கொக்குகள் கத்தின. மேட்டான் முதலில். கடமான் அடுத்து. நரி கடைசி இரவில் அசந்து தூங்கிப்போனதால் சுருளி அதைச் சில சுற்றுகள் முந்தியிருந்தான். அவனை யாரும் சூழ்ந்துகொள்ளவில்லை. அவன் நின்ற இடத்திலேயே மடங்கி விழுந்தான். கோடன் மட்டும் வந்து, வெயில் படாமல் அவன் தலைமாட்டில் நின்றுகொண்டார்.

கோடை வந்தது. ஏரி குட்டையானது. பன்றிகள் முதலில் இறங்கின. போன ஆண்டைப் போலவே புரண்டன. கடமான்கள் அடுத்துக் குடித்தன. வெளிமான்களின் முறை வந்தபோது சேறுதான் இருந்தது.

சுருளி யாரும் சொல்லாமலே முதலில் சேற்றில் இறங்கினான். ஒவ்வொரு அடியாக வைத்து, எங்கே தரை கெட்டி என்று மிதித்துப் பார்த்தான். ஆழமான இடத்தில் தானே குறுக்கே நின்றுகொண்டான். குட்டிகள் அவன் மிதித்த தடத்தில் வந்து குடித்தன. எல்லாரும் குடித்து முடித்த பிறகுதான் அவன் வாய் வைத்தான். கோடை முழுவதும் அப்படியே செய்தான். அந்த ஆண்டு எந்தக் குட்டியும் புதையவில்லை. ஆனால் சேற்றைக் குடித்துப் பல குட்டிகளுக்கு வயிற்றுவலி வந்தது. ஒவ்வொன்று முனகும்போதும் சுருளிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நொச்சி அவனோடு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

ஒருநாள் மாலை, கோடையில் பிறந்த ஒரு பெண்குட்டி சேற்றில் நின்று மேலே பார்த்தது.

“நீங்கதானே வேகமா ஓடுறவரு?”

“ஆமா.”

“அப்புறம் ஏன் நாம சேறு குடிக்கிறோம்?”

பக்கத்தில் இருந்தவர்கள் குடிப்பதை நிறுத்தினார்கள். ‘பெரிய ஆளானா உனக்கே புரியும்’ என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். சுருளி தப்பிக்கவில்லை.

“நான் பழகாமலே பழகினேன்னு பொய் சொன்னேன். நல்லா நடக்கிறவங்க இடத்தை நான் பிடிச்சுக்கிட்டேன். அதனாலதான் நீ சேறு குடிக்கிறே.”

குட்டி அவன் காலை மூக்கால் முட்டியது.

“சரி. தள்ளி நில்லுங்க. நான் குடிக்கணும்” என்றது.

சுருளி தள்ளி நின்றான். பின்னால் நொச்சி நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

“நாளைக்கு விடிஞ்சதும் நடக்கக் கிளம்புறேன். அடுத்த பங்குனிக்கு நான்தான் இறங்கப்போறேன்” என்றாள் கடைசியில். “தனியாச் சுத்தினா சலிப்பா இருக்கு. வர்றியா?”

சுருளியால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. “வர்றேன் அக்கா” என்று மட்டும் சொன்னான்.

மெதுவாக நடந்து பழகுவதில் வெட்கம் எதுவும் இல்லை. பழகாததைப் பழகினேன் என்று சொல்லி, நம்பியவர்களின் இடத்தில் போய் நிற்பதில்தான் வெட்கம் எல்லாம் இருக்கிறது.